பாறையற்ற மண்ணின் பௌத்தம்

புதுச்சேரிப் பக்கத்துப் பாகூரிலும் வில்லியனூரிலும் பாறை கிடையாது. சங்கராபரணியும் தென்பெண்ணையும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல், அங்கங்கே செம்மண் மேடு, நடுவே ஏரிகள்; இதுதான் இந்த நிலம். வீட்டுக்குக் கடைக்கால் போடக் கல் வேண்டுமென்றால் திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து லாரியில்தான் வர வேண்டும். பாறை இல்லாத இடத்தில் குகை எப்படி இருக்கும்? பழைய பௌத்த ஓவியத்தைக் கண்ணால் பார்க்க விரும்பும் நம் ஊர் ஆசிரியரோ மாணவரோ ஔரங்காபாத்துக்கு ரயில் ஏறுகிறார். அஜந்தாவின் முதல் குகையில் தாமரை ஏந்திய போதிசத்துவரின் முன்னே நெடுநேரம் நிற்கிறார். நம் பக்கத்தில் இப்படி ஒன்றும் இல்லாமல் போயிற்றே என்ற ஏக்கத்தோடு திரும்பி வருகிறார்.

அந்த ஏக்கம் இயல்பானது. ஆனால் அது ஒரு கணக்கைப் பார்க்காமல் விட்டுவிடுகிறது. அந்தக் குகைகளுக்குப் பணம் கொடுத்தவர்கள் யார், அந்தப் பணம் எந்த வழியாக வந்தது என்ற கணக்கு அது. அதைத் தொடர்ந்து போனால் தக்காணத்துப் பாறைகளிலிருந்து நம் கழிமுகத்துக்கே வந்து சேர்வோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பௌத்தக் குகைகள் ஆள் அரவமற்ற காட்டில் தவம் செய்யத் தோண்டப்பட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். கடற்கரையிலிருந்து பீடபூமிக்கு ஏறும் கணவாய்களின் அருகில்தான் கார்லேவும் நாசிக்கும் இருக்கின்றன. கன்ஹேரி, சோபாரா, கல்யாண் துறைமுகங்களுக்குப் பக்கம். அஜந்தா, உஜ்ஜயினியிலிருந்து பைத்தானுக்கு வரும் பாதைக்கு அருகே. மழைக்காலத்தில் ஊர் ஊராகப் போகாமல் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது பிக்குகளின் ஒழுக்கம். பொதிமாட்டோடு மலையேறும் வணிகனுக்கோ தங்க இடமும், துணையும், நல்வாக்கும் தேவைப்பட்டன. இரு தேவைகளும் சந்தித்த இடத்தில் பாறை குடையப்பட்டது.

கொடுத்தவர்கள் தங்கள் பெயரையும் பொறித்துவிட்டே போயிருக்கிறார்கள். கார்லேயின் பெரிய சைத்தியத்தை வைஜயந்தியைச் சேர்ந்த பூதபாலன் என்ற செட்டி செய்து முடித்ததாகக் கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. அங்குள்ள தூண்கள் சிலவற்றைக் கொடுத்தவர்கள் தேனுகாகடத்து யவனர்கள். நாசிக்கில் உள்ள ஒரு கல்வெட்டு இன்னும் நுணுக்கமானது. சத்ரப அரசன் நகபானனின் மருமகன் உசவதாதன் 2000 காசுகளை நெசவாளர் சங்கம் ஒன்றில் முதலாக வைக்கிறான். வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்று. குகையில் மழைக்காலம் தங்கும் 20 பிக்குகளுக்கு அந்த வட்டியிலிருந்து ஆளுக்கு 12 காசு துணிக்காகப் போக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டு வட்டி 240, பிக்குகளுக்கான செலவும் 240. ஒரு காசு மிஞ்சவுமில்லை, குறையவுமில்லை. அந்தக் குகையில் ஒரு துறவி போர்த்திய ஆடைக்கு நெசவாளன் ஒருவனின் தறி மாதாமாதம் உழைத்தது. கலை வரலாற்று நூல்கள் தூணின் அழகைச் சொன்ன அளவுக்கு இந்தத் தறியின் ஓசையைச் சொல்லவில்லை என்பது என் மனக்குறை.

அஜந்தாவின் மிகப் பழைய குகைகள் பொது ஆண்டுக்கு முந்தைய 2, 1ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. உலகம் வியக்கும் பெரும்பாலான ஓவியங்கள் 5ஆம் நூற்றாண்டில், வாகாடக மன்னன் ஹரிசேனன் காலத்தில் தீட்டப்பட்டவை. அப்போது கொடையாளிகள் மாறிவிட்டார்கள். 16ஆம் குகையைக் கொடுத்தவன் அமைச்சன் வராகதேவன். ஆனால் சுவரில் தீட்டப்பட்ட உலகம் இன்னும் வணிகனின் உலகமாகவே இருக்கிறது. மண்ணோடு உமியும் நாரும் குழைத்துப் பூசி, மேலே சுண்ணாம்பு தடவி, கற்களையும் காவியையும் அரைத்து எடுத்த நிறங்களைக் கொண்டு வரைந்தார்கள். நீலம் மட்டும் உள்ளூரில் கிடைக்கவில்லை. அந்த நீலக்கல் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து வந்தது. 2ஆம் குகையின் சுவரில் மூன்று பாய்மரம் கொண்ட கப்பல் ஒன்று போகிறது. 17ஆம் குகையில் சிம்ஹலன் என்ற வணிகனின் கதை விரிகிறது: கப்பல் உடைந்து, அரக்கியர் தீவில் ஒதுங்கி, தப்பி வரும் கதை. கடலிலிருந்து பல நாள் நடைத் தொலைவில், மலை நடுவே, ஒரு பிக்குவின் உறைவிடத்துச் சுவரில் கப்பல் ஏன் வர வேண்டும்? அந்தச் சுவரின் முன் நின்றவர்களில் கடலை அறிந்தவர்கள் இருந்தார்கள். கடலில் போனவனுக்காகக் காத்திருந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

வாகாடக அரசு சரிந்ததும் அஜந்தாவில் உளி நின்றது. 24ஆம் குகை முடிந்திருந்தால் அங்குள்ள விகாரைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருந்திருக்கும். இன்றும் அது அரைகுறையாகத்தான் கிடக்கிறது. பிறகு 1819இல் வேட்டைக்கு வந்த ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்ணில் படும்வரை வெளியுலகம் அந்த இடத்தை மறந்திருந்தது.

தமிழ் வணிகர்கள் இந்தக் குகைக் கொடைகளுக்கு வெளியே நின்றவர்கள் இல்லை. இலங்கையில் வவுனியாவுக்கு அருகே பெரியபுளியங்குளத்துப் பாறைக் குகையில் பிராமி எழுத்தில் ஒரு பெயர் இருக்கிறது: தமிழ் வணிகனும் இல்லறத்தானுமான விசாகன். அவனுடைய குகை அது. அனுராதபுரத்தில் அபயகிரிக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் இன்னொரு கல்வெட்டு. தமிழ் இல்லறத்தார் கூடி அமரும் மேடை ஒன்று அங்கே இருந்தது. யாருக்கு எந்த இருக்கை என்பதையும் பாறையில் பொறித்து வைத்தார்கள். அந்தப் பெயர்களுள் ஒன்று கராவன் என்ற நாவிகனுடையது, கப்பல் ஓட்டியவன். எங்கோ ஒரு துறையிலிருந்து பாய் விரித்துப் போனவர்கள் இவர்கள். தாய்லாந்தின் பூ காவ் தோங் என்ற இடத்தில் கிடைத்த தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓட்டை ஐராவதம் மகாதேவன் படித்தபோது, அதில் எஞ்சியிருப்பது துறவியைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லின் பகுதியாக இருக்கலாம் என்று கருதினார். 2ஆம் நூற்றாண்டு ஓடு அது. வணிகனும் துறவியும் ஒரே கப்பலில் போனார்கள் என்று எண்ண அது இடம் தருகிறது.

இப்போது நம் ஆற்றுக்கு வருவோம். வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு திருக்காஞ்சி வழியாக ஓடும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது பிரிகிறது. ஒரு கிளையின் கரையில், அரியாங்குப்பம் கொம்யூனில், மாமரமும் தென்னையும் சூழ்ந்த ஒரு மேடு அரிக்கமேடு. 1937இல் பாண்டிச்சேரிக் கல்லூரி ஆசிரியர் ஜூவோ துப்ரேய் கையில், ரோமப் பேரரசன் அகஸ்டஸின் முகம் என்று அவர் அடையாளம் கண்ட செதுக்கு மணி ஒன்று வந்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை காசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. இத்தாலிய மட்பாண்டங்கள், மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச் சாடிகள், தமிழ்ப் பெயர்களும் பிராகிருதப் பெயர்களும் கீறிய ஓடுகள், எண்ணி மாளாத கண்ணாடி மணிகள் எல்லாம் வெளிவந்தன. பெரிப்ளூஸ் நூலும் தாலமியும் சொல்லும் பொதுகே துறை இதுவே என்பது பொதுவான கருத்து. ரோமர்கள் வந்து கட்டிய வணிகக் குடியிருப்பு என்று வீலர் எழுதியதைப் பெக்லியின் அகழாய்வு திருத்தியது. ரோம வணிகத்துக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது. அது ஓய்ந்த பின்னும் இருந்தது. சோழர் காலச் சீனப் பீங்கான் வரை கிடைத்திருக்கிறது.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது இங்கே வெளிப்பட்ட செங்கல் தொட்டிகளை. துணிக்குச் சாயம் ஏற்றும் தொட்டிகள் என்று வீலர் கருதினார். அது சரியென்றால், நாசிக்கின் நெசவாளர் சங்கத்துக்கும் நம் ஆற்றங்கரைக்கும் இடையே ஓர் உறவு புலப்படும். ஒரே மாதிரியான தொழில், ஒரே மாதிரியான பணப்புழக்கம். அங்கே லாபத்தின் ஒரு பகுதி பாறையில் போய் நின்றது. இங்கே எதில் போய் நின்றது?

அரிக்கமேட்டில் பௌத்த விகாரை என்று உறுதியாகச் சொல்லத்தக்க கட்டடம் வெளிவரவில்லை. தெற்கே காவிரிப்பூம்பட்டினத்தில் பல்லவனேச்சுரத்துக்கு அருகே வெளிவந்தது. செங்கல் விகாரையும் புத்தரின் பாதம் செதுக்கிய பலகைக்கல்லும். மணிமேகலை காட்டும் துறைமுக நகரில் பௌத்தர்கள் வாழ்ந்ததற்கு மண்ணே சாட்சி சொன்னது. நம் கரையில் அதற்கு இணையான சாட்சி ஒரு சிலை. அதைப் பற்றி முதலில் எழுதியவர் வானத்தைப் பார்க்க வந்த ஒருவர்.

பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க இந்தியாவுக்குப் புறப்பட்டார். 1761இல் அந்த நிகழ்வு நடந்தபோது அவர் கடலில் இருந்தார். பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. அடுத்த கடப்புக்காகக் காத்திருந்து, 1768இல் பாண்டிச்சேரிக்கு வந்து, கருவிகளை நிறுவினார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது. அவருடைய துயரத்தை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் நமக்கு முக்கியமானது, அந்தக் காலத்தில் அவர் வீராம்பட்டினம் பக்கத்து வெளியில் கண்டு, பின்னர் தம் பயண நூலில் எழுதிய சிலை. கருங்கல்லில் செய்த உருவம், பாதி மணலில் புதைந்து, கவனிப்பாரற்றுக் கிடந்தது. சயாம் நாட்டில் வணங்கும் உருவத்தை அது அப்படியே ஒத்திருந்ததாக அவருக்குப் பட்டது. அங்கிருந்த தமிழர்களிடம் கேட்டார். இது பௌத்தர், பிராமணர்கள் மக்களின் சமயத்தைத் தம் வசப்படுத்திய பிறகு இதற்குப் பூசையும் விழாவும் நின்றுவிட்டன என்று அவர்கள் சொன்னார்கள்.

இந்தப் பதிலை நான் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை. 18ஆம் நூற்றாண்டில், விகாரையோ பிக்குவோ இல்லாத ஒரு கரையில், மணலில் புதைந்த சிலை யாருடையது என்று ஊராருக்குத் தெரிந்திருந்தது. வழிபாடு ஏன் நின்றது என்பதற்கு அவர்களிடம் ஒரு விளக்கமும் இருந்தது. எழுத்தில் இல்லாத நினைவு எத்தனை தலைமுறை தாண்டி வந்திருக்கிறது! அரிக்கமேட்டுக்கு அடுத்த காக்காயந்தோப்பில், மக்கள் பிர்மன் கோயில் என்று சொல்லும் இடத்தில் ஒரு புத்தர் அமர்ந்திருக்கிறார். லெ ழாந்தி கண்டது அவரைத்தான் என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள்.

சங்கராபரணியை எதிர்த்து மேற்கே போனால் நிலம் மாறிவிடும். ஆறு பிறக்கும் செஞ்சி மலைப்பக்கம் முழுவதும் பாறை. கீழ்வாலையில் வரலாற்றுக்கு முந்தைய மனிதன் செங்காவியால் வரைந்த உருவங்கள் இருக்கின்றன. செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர்கள் பாறையில் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவை அங்குள்ள கல்வெட்டு காக்கிறது. இது சமணம். தமிழ் நிலத்துக் குகைகளில் பெரும்பாலானவை சமணருக்கு உரியவை, சித்தன்னவாசல் ஓவியம் உட்பட. பௌத்தம் தமிழகத்தில் அதிகம் பிடித்துக்கொண்டது துறைமுகத்தையும் காஞ்சி போன்ற நகரத்தையும்தான். அங்கெல்லாம் கட்டியது செங்கல்லில், மரத்தில், சுதையில். அவற்றின் சுவர்களில் ஓவியம் இருந்திருந்தால், சுவரோடு சேர்ந்து அதுவும் மண்ணாயிற்று.

இதை ஊகம் என்று தள்ள வேண்டாம். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டுக் குடைவரை இருக்கிறது. பல்லவன் மகேந்திரவர்மன் அதில் ஒரு செய்தியைப் பொறித்தான்: செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் இக்கோயிலைச் செய்தேன் என்று. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பெருமையாகச் சொல்கிறான் என்றால், அதுவரை இந்த வட்டாரத்தில் கோயில் என்றாலும் பள்ளி என்றாலும் அந்த நான்கும்தான் அதன் உடல். அதே மகேந்திரன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில் காஞ்சித் தெருவில் பிக்கு ஒருவன் நடந்து போகிறான். அந்த நூற்றாண்டிலேயே சீனப் பயணி சுவான்சாங் இந்த நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்கள் இருப்பதாக எழுதினார். சித்திரகாரப்புலி என்று பட்டம் சூடிக்கொண்ட அரசனின் நாட்டில் அவற்றின் சுவர்கள் வெறுமையாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஒன்றுகூட நிற்கவில்லை.

ஜூவோ துப்ரேயை இங்கே மீண்டும் நினைக்கத் தோன்றுகிறது. அரிக்கமேட்டின் மணியை அடையாளம் கண்ட அதே கண்கள்தான் சித்தன்னவாசலின் ஓவியத்தையும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் பல்லவ ஓவியத்தையும் ஆய்வுலகின் பார்வைக்குக் கொண்டுவந்தன. பாரிஸ் கலைப்பொருள் வணிகர் சி.டி. லூவுக்குத் தமிழகச் சிற்பங்கள் போய்ச் சேர உதவியவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்தே அவரை நினைக்க வேண்டும்.

பௌத்தம் இந்தக் கரையைவிட்டு ஏன் போயிற்று என்று கேட்டால் வாதில் தோற்றார்கள், கழுவேற்றினார்கள், மன்னன் மதம் மாறினான் என்றெல்லாம் கதைகள் கிடைக்கும். சமயப் பகை இருந்ததை நான் மறுக்கவில்லை. வீராம்பட்டினத்து மக்கள் லெ ழாந்தியிடம் சொன்னதும் அதையொட்டித்தான். ஆனால் அரிக்கமேட்டிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தெற்கே பாகூருக்குப் போய் மூலநாதர் கோயில் சுவரைப் படித்தால் இன்னொரு காரணமும் தெரிகிறது. கொடையின் ஊற்று இடம் மாறியிருக்கிறது.

பல்லவன் நிருபதுங்கனின் 8ஆம் ஆட்சியாண்டில், சுமார் 877இல், பாகூர் வித்தியாஸ்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களைக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. அந்தக் கல்விச்சாலையின் செலவுக்கு வந்தது வட்டிக் காசு இல்லை, நெல். மன்னாடிப்பட்டு கொம்யூனில் உள்ள திருபுவனையில் ராஜாதிராஜ சோழன் காலத்து 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு 12 ஆசிரியர்களையும் 260 மாணவர்களையும் கணக்குச் சொல்கிறது. அவர்களுக்கும் நிலம்தான் சோறு போட்டது. மூலநாதர் கோயிலில் ராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவன் காலத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. ஏரியைப் பேண ஊர்ச்சபை செய்த ஏற்பாட்டைச் சொல்லும் கல்வெட்டும் உண்டு. ஆட்சி மாறும், பெயர் மாறும். ஏரியைத் தூர்வார ஆள் வேண்டும் என்பது மாறாது.

கப்பல் லாபத்தில் வளர்ந்த அறத்துக்கு ஊர் ஊராகப் போகிறவன் கொடுத்தான். வயலில் வளர்ந்த அறத்துக்கு ஒரே ஊரில் தலைமுறையாக இருப்பவன் கொடுத்தான். அவனுக்குத் தேவைப்பட்டது மழைக்காலத்துக்கு மட்டும் தங்கிப் போகும் பிக்கு இல்லை. ஏரிப் பாசனத்தையும் நிலக் கணக்கையும் விழாவையும் ஒன்றாகக் கட்டி நிறுத்தும் கோயில். ரோம வணிகம் மெலிந்து, பாகூர் ஏரியின் கீழ் வயல்கள் பெருகிய நூற்றாண்டுகளில் இந்தச் சமநிலை மெல்லச் சாய்ந்தது என்பது என் எண்ணம்.

இதற்கு எதிராக நாகப்பட்டினத்தைக் காட்டலாம். காட்டவும் வேண்டும். ஸ்ரீவிஜய மன்னன் அங்கே எழுப்பிய சூடாமணி விகாரைக்கு, 1006இல், சைவனான ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். வயலின் கொடை பௌத்தத்துக்கும் போயிருக்கிறது. ஆனால் அந்த விகாரையை எழுப்பியது கடல் கடந்த வணிகத்தால் தழைத்த ஓர் அரசு. கப்பல் வந்துகொண்டிருந்தவரை விகாரையும் நின்றது. ஐரோப்பியர் சீனக் கோபுரம் என்று அழைத்த அதன் பகுதி செங்கல்லால் ஆனது. 1867இல் இயேசு சபையார் அரசின் அனுமதி பெற்று அதை இடித்தார்கள். மண்ணுக்குள் இருந்த வெண்கலப் புத்தர்கள் 350 அளவில் கிடைத்தார்கள். சுவர் போய்விட்டது. செங்கல் கட்டடத்தின் விதி அதுதான். எல்லோருக்கும் செங்கல் தேவைப்படுகிறது. அரிக்கமேட்டையும் செங்கல்லுக்காகப் பலமுறை கிளறியிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் அங்கே எழுந்த கிறித்தவக் குருமடத்தின் இடிபாடு மட்டும் இன்று கண்ணுக்குத் தெரிகிறது. வருகிறவர்களில் பலர் அதையே ரோமர் கட்டடம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

எனவே அஜந்தாவின் முன் நிற்கும் நம் ஊர்க்காரர் ஏங்க வேண்டியதில்லை. அவர் கவலைப்பட வேண்டியது வேறொன்றுக்கு. பாறை தன்னைத் தானே ஓரளவு காத்துக்கொள்ளும். வண்டல் மண்ணுக்கு அந்த வலிமை கிடையாது. நம் கொம்யூன்களின் தொன்மை எல்லாம் ஒரு மண்வெட்டி ஆழத்திலிருந்து ஓர் ஆள் உயர ஆழம் வரை புதைந்து கிடக்கிறது. மனைப்பிரிவுக்காகப் பொக்லைன் இயந்திரம் இறங்கும் ஆழம் அதுவே. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. சாத்தனூர் அணை திறந்ததில் தென்பெண்ணை பெருகி, பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் நீர் புகுந்தது. சங்கராபரணியும் கரை புரண்டது. வெள்ளம் வடிந்ததும் நெல்லுக்கும் வீட்டுக்கும் கணக்கெடுத்தோம், எடுக்கத்தான் வேண்டும். ஆற்றங்கரை எங்கெங்கே அறுந்தது, அறுந்த கரையில் என்ன ஓடு, என்ன செங்கல் தெரிந்தது என்றும் யாராவது நடந்து பார்த்திருக்க வேண்டும்.

சிலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் வயலிலும் குளக்கரையிலும் இருக்கும் புத்தர்களில் பலர் வேறு பெயரில் வழிபடப்படுகிறார்கள். சேலத்துத் தலைவெட்டி முனியப்பன் கோயில் வழக்கில், அந்தச் சிலை புத்தருடையது என்ற தொல்லியல் துறை அறிக்கையை ஏற்றுச் சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. உண்மையைச் சொன்ன தீர்ப்பு அது. அதே சமயம், எண்ணெய் தடவி, மாலை போட்டு, கூரை வேய்ந்து அந்தச் சிலைகளை இத்தனை நூற்றாண்டு உடையாமல் வைத்திருந்த கிராமத்து மக்களை அறியாதவர்கள் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியாது. காக்காயந்தோப்பு ஆனாலும் சேலம் ஆனாலும், சிலை பிழைத்ததற்கு முதல் காரணம் அவர்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசி, சிலையின் வரலாற்றை அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் முறை.

நிலத்தில் எதையாவது கண்டெடுத்தவர் ஏன் மறைக்கிறார் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருள் மண்ணில் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் நிலம் போய்விடும், வீடு கட்ட முடியாது என்ற பயம் ஊர்களில் இருக்கிறது. அந்தப் பயத்தைப் போக்காமல் எத்தனை விழிப்புணர்வுப் பலகை வைத்தாலும் பயனில்லை. அரசு செய்யக்கூடியது எளிது: கண்டதைச் சொன்னவரின் வேலை இத்தனை நாளுக்குமேல் தடைபடாது என்று எழுத்தில் உறுதி கொடுப்பது, பொருளோடு அவர் பெயரையும் அருங்காட்சியகத்தில் எழுதி வைப்பது. பூதபாலனின் பெயரை இரண்டாயிரம் ஆண்டு கழித்து நாம் சொல்கிறோம். கண்டெடுத்துக் கொடுத்த பாகூர் விவசாயியின் பெயரும் அப்படி நிற்கட்டும்.

களிமண்ணில் கலை செய்யத் தெரிந்த ஊர் வில்லியனூர். அதன் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அரிக்கமேட்டுக் கண்ணாடி மணியை எப்படி இழுத்து, வெட்டி, உருட்டிச் செய்தார்கள் என்பதை ஆந்திரத்துப் பாப்பநாயுடுபேட்டையில் வழிவழியாக மணி செய்துவந்தவர்களைப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் புரிந்துகொண்டார்கள். பழைய கலையைப் படிக்க இன்றைய கைவினைஞர் துணை வேண்டும். நம் பள்ளி மாணவர்களை அரிக்கமேட்டுக்குக் கூட்டிப் போகும்போது வில்லியனூர்க் குயவர் ஒருவரும் உடன் வந்து ஓட்டைக் கையில் எடுத்துக் காட்டினால், சக்கரத்தில் செய்ததா, கையில் தட்டியதா, எப்படிச் சூளை போட்டார்கள் என்று அவர் சொல்வது எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.

பாகூர்ச் செப்பேடு 1879இல் கிடைத்துப் பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. ராஜராஜனின் கொடையைச் சொல்லும் ஆனைமங்கலச் செப்பேடு லெய்டனுக்குப் போய் அந்த ஊரின் பெயரையே வாங்கிக்கொண்டது. பாகூர்ச் செப்பேட்டின் மூலத்தைத் திரும்பப் பெறும் பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும். அதுவரை, நேர்ப்படி ஒன்றைச் செம்பிலேயே செய்து, தமிழ்ப் பகுதியை இன்றைய எழுத்தில் பெயர்த்து, பாகூரில் மக்கள் பார்க்கும் இடத்தில் வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. மூன்று ஊர்களின் நெல்லில் ஒரு கல்விச்சாலை நடந்தது என்பதைப் பாகூர்ப் பள்ளிப் பிள்ளைகள் பாரிஸ் போகாமலே படிக்க முடிய வேண்டும்.

முதல் வேலை அதற்கும் முன்னால் இருக்கிறது. வில்லியனூர், அரியாங்குப்பம், பாகூர் மூன்று கொம்யூன்களும் தம் எல்லைக்குள் உள்ள பழைய மேடுகள், தனிச் சிலைகள், கல்வெட்டுள்ள கற்கள், ஓடு சிதறிக் கிடக்கும் வயல்கள் ஆகியவற்றைச் சர்வே எண்ணோடு ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அலுவலகங்கள் அந்தப் பதிவேட்டைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். இந்திய தொல்லியல் துறை, அரிக்கமேட்டை ஒட்டிய ஆற்றங்கரை அரிப்பை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அளந்து, எங்கே கரை கட்ட வேண்டும் என்பதைப் புதுச்சேரிப் பொதுப்பணித் துறைக்கு எழுத்தில் தர வேண்டும். மழை அக்டோபரில் தொடங்கிவிடும்.